பழைய அம்பாசிடருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றுவது: புதிதாகக் கற்பவர்களுக்கு

சேலத்திலிருந்து கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி அடிவாரம் வரைக்கும் வண்டி குறை சொல்ல முடியாமல் வரும். ஏற்காட்டு மலையில் நாலாவது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது விக்க ஆரம்பிக்கும். இரண்டாவது கியர் போட்டாலும் இழுக்காது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டால் சரியாகும், அழுத்தினால் மறுபடி மிஸ் அடிக்கும். பழைய பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகின தொல்லை. உடனே எல்லாருக்கும் கார்பரேட்டர் மேல்தான் சந்தேகம் போகும். ஜெட்டைக் கழற்றி ஊதி, ஃபில்டரை மாற்றி, பெட்ரோல் பம்பையும் பிரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் வருவார்கள். பேட்டரி கரண்டை உயர் வோல்டேஜாக மாற்றுவது காயில், அதைச் சரியான நேரத்தில் ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர்.

மலையில் மட்டும் ஏன் இது வெளியே தெரிகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சமதரையில் ஆக்சிலரேட்டரைப் பாதி கூட அழுத்த மாட்டோம். சிலிண்டருக்குள் போகும் காற்று, பெட்ரோல் கலவை குறைவு, அதனால் அழுத்தமும் குறைவு. மேட்டில் முழுசாக அழுத்தும்போது சிலிண்டர் நிறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் முனையில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால், கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த விரிசல் வழியாக ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே பனி இறங்கி மூடி ஈரமாகிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கட்டுரை 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள அம்பாசிடருக்கானது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த கார் இது. அதன் பி.எம்.சி. பி-சீரிஸ் இன்ஜினும் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரும் புதிதாகக் கற்பவருக்கு மிகவும் தோதானவை. பிரீமியர் பத்மினியிலும் பழைய மாருதி 800-லும் வேலையின் அடிப்படை இதேதான், விவரங்கள் மாறும். உதாரணத்துக்கு, மாருதி 800-ல் மூன்று சிலிண்டர்தான், பொறி போகும் வரிசை 1-3-2. பின்னால் வந்த இசுசு இன்ஜின் அம்பாசிடருக்கு இதை அப்படியே பின்பற்றாதீர்கள்.

மாற்றத்தான் வேண்டுமா?

முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றுவதற்கு முன்னால் பத்து நிமிடம் செலவழித்துப் பாருங்கள். பல நேரம் மூடி, அதற்குள் சுற்றிக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டர், திறந்து மூடிப் பொறியைப் பிறப்பிக்கும் பாயிண்ட், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் இந்த நாலில் ஒன்றை மாற்றினாலே போதும்.

இரண்டு கிளிப்பையும் தட்டி மூடியைக் கழற்றுங்கள். உள்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு பித்தளை முனையிலிருந்து இன்னொன்றுக்கோ, விளிம்புக்கோ கறுப்புக் கோடு ஓடியிருந்தால் அந்த மூடி போய்விட்டது. துடைத்தாலும் சுரண்டினாலும் திரும்ப வரும். நடுவில் இருக்கும் கார்பன் முனையை விரலால் அழுத்துங்கள், ஸ்பிரிங் தள்ளி வெளியே வர வேண்டும். தேய்ந்து உள்ளேயே நின்றுவிட்டால் அதுவும் கோளாறுதான்.

பாயிண்ட் முகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நல்லது. நீலம் பாய்ந்து கருகியிருந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். கண்டென்சர் போனால் பொறி மஞ்சளாகவும் நோஞ்சானாகவும் வரும். நல்ல பொறி நீல நிறத்தில் 'சட்' என்று சத்தத்தோடு அடிக்கும்.

பிறகு முக்கியமான சோதனை. ரோட்டரை எடுத்துவிட்டு, தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சுற்றும் திசையில் சிறிது அசைவது சரி, உள்ளே எடைகளும் ஸ்பிரிங்கும் இருப்பதால் அது இயல்பு. பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நீங்கள் எவ்வளவு நிதானமாகப் பாயிண்ட் இடைவெளி வைத்தாலும் ஓடும்போது தண்டு ஆடி அந்த இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். முதல் சிலிண்டருக்கு ஒரு டைமிங் (பொறி விழும் நேரம்), மூன்றாவதுக்கு வேறு டைமிங் என்று ஆகிவிடும். இந்த நிலையில்தான் முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்ற வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு டப்பாவுக்குள் இருந்து, இன்ஜினின் உறிஞ்சலுக்கு ஏற்ப டைமிங்கை மாற்றும் வேக்குவம் டயாஃப்ரத்தையும் பாருங்கள். கார்பரேட்டரிலிருந்து வரும் சின்னக் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்துக்கொண்டால் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

எடுத்து வைக்க வேண்டியவை

ஸ்பேனர்கள், தட்டை முனைத் திருப்புளி பெரிதும் சின்னதுமாக இரண்டு, பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் பிடித்த டெஸ்ட் லேம்ப், சாக்பீஸ், பெயின்ட் மார்க்கர், வேஸ்ட் துணி. இந்த இன்ஜினின் நட்டு, போல்ட் பெரும்பாலும் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து முனையை மழுக்கிவிட்டால் பிறகு அந்த போல்ட்டைக் கழற்றவே ஒரு நாள் போய்விடும்.

புதியதை வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப்போகச் சொல்வார்கள். நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன், காரணம் கீழே வருகிறது. பழையதை வண்டியிலேயே விட்டுவிட்டு, அதன் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணை எழுதிக்கொண்டும் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டும் கடைக்குப் போங்கள். வாங்கும்போது தண்டின் அடிமுனையைக் கவனியுங்கள். அங்கே ஒரு நாக்கு மாதிரிப் பட்டை இருக்கும். அது நட்டநடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் பள்ளமும் அதே போல் தள்ளியிருப்பதால், சரியான திசையில் மட்டும்தான் உட்காரும், தலைகீழாகப் போகாது. பல இன்ஜின்களில் தண்டிலேயே பல்சக்கரம் இருக்கும், இழுக்கும்போதே ரோட்டர் சுற்றிவிடும், எங்கே நின்றது என்று தெரியாமல் போய்விடும். இதில் பல்சக்கரம் இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான இன்ஜின் கிடைக்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

கழற்றுவதற்கு முன் குறி

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் சேலத்தில் குகை என்ற பகுதியில் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணன். நான் ஸ்பேனரை எடுத்தவுடனே, "கண்ணு, கழட்டறதுக்கு முன்னால குறி போட்டியா?" என்பார். போடவில்லை என்றால் ஸ்பேனரை வாங்கி வைத்துவிடுவார். அவர் கேட்ட அந்தக் கேள்விதான் இந்த வேலையின் உயிர். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவது ஐந்து நிமிட வேலை. அது எப்படி உட்கார்ந்திருந்தது என்று தெரியாமல் கழற்றிவிட்டால், புதியவர் ஒருவர் நாள் முழுக்கத் தவிப்பார். பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போக வேண்டாம் என்று நான் சொன்னதும் இதற்காகத்தான். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் யாராவது வண்டியைத் தள்ளி நிறுத்தினால், கியரில் இருந்தால் இன்ஜினும் சுற்றியிருக்கும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கியர் நியூட்ரல். பேட்டரியில் பாடியோடு சேர்ந்திருக்கும் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள்.

அடுத்து ஒவ்வொரு பிளக் வயரிலும் எண் எழுதுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1, டிரைவர் பக்கம் போகப் போக 2, 3, 4. மூடியில் அந்தந்த வயர் வரும் இடத்துக்கு வெளியே பெயின்ட் மார்க்கரால் அதே எண்ணைப் போடுங்கள். பொறி போகும் வரிசை 1-3-4-2. மேலிருந்து பார்த்தால் ரோட்டர் இடமிருந்து வலமாகச் சுற்றாமல் எதிர்த்திசையில், அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். அந்தத் திசையில் எண்ணிப் பார்த்தால் மூடியில் 1, 3, 4, 2 என்று வர வேண்டும். இந்தத் திசையை நான் சொன்னேன் என்று நம்பிவிடாமல், மூடியைத் திறந்து வைத்து யாரையாவது இன்ஜினைச் சுற்றச் சொல்லிக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதும் இரண்டாவதும் இடம் மாறினால் வண்டி 'டப் டப்' என்று திருப்பி அடிக்கும்.

இனி முதல் சிலிண்டரை மேலே கொண்டுவர வேண்டும். நாலு பிளக்கையும் கழற்றிவிடுங்கள், இன்ஜின் லேசாகச் சுற்றும். முன் பம்பர் வழியாகக் கைப்பிடி போடும் வண்டி என்றால் அதிலேயே சுற்றலாம். முன்னால் நின்று பார்த்தால் கடிகாரத் திசை. முதல் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து இறுக்கி மூடுங்கள், இன்னொருவர் மெதுவாகச் சுற்றட்டும். முதலில் விரலை உள்ளே இழுப்பது போல் இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் காற்று விரலைத் தள்ளிக்கொண்டு 'புஸ்' என்று வெளியே வரும். அதுதான் கம்ப்ரஷன். அந்தக் காற்று தள்ளும்போதே சுற்றுவதை மெதுவாக்கி, கிராங்க் புல்லியின் விளிம்பில் இருக்கும் சின்ன வெட்டைப் பாருங்கள். டைமிங் மூடியில் கூரான முனைகள் இருக்கும், அவற்றில் நீளமானது டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம். வெட்டு கீழ்ப்பக்கம் வரும் வண்டியில் தரையில் படுத்துத்தான் பார்க்க முடியும். வெட்டில் சாக்பீஸ் தேய்த்துவிட்டால் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்.

விரல் வைக்காமல் வெட்டை மட்டும் நம்பாதீர்கள். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. அதனால் வெட்டு இரண்டு முறை நேராக வரும். ஒன்றில் முதல் சிலிண்டர் பொறிக்குத் தயார், மற்றதில் நாலாவது சிலிண்டர். எதில் நிற்கிறோம் என்பதை விரலில் படும் காற்றுதான் சொல்லும்.

வெட்டை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். கம்ப்ரஷன் ரேஷியோவுக்கு ஏற்ப இது மாறும், பக்கத்து வீட்டு வண்டியின் கணக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது. தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுத்து நிறுத்தாதீர்கள். நன்றாகப் பின்னால் போய், திரும்ப முன்னோக்கி வந்து நிறுத்துங்கள். செயினிலும் பல்லிலும் இருக்கும் தொய்வு அப்போதுதான் ஒரே பக்கம் இருக்கும்.

இப்போது மூடியைத் திறந்தால் ரோட்டர் 1 என்று எழுதிய இடத்துக்கு நேராக நிற்கும். ரோட்டர் காட்டும் இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பின் விளிம்பில் ஒரு குறி. உடம்புக்கு நேராக இன்ஜின் பிளாக்கில் ஒரு குறி. வேக்குவம் டப்பா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு படம். இதன் பிறகு புதியது உட்காரும் வரை இன்ஜினை யாரும் தொடக் கூடாது.

கழற்றி மாட்டுவது

வேக்குவம் குழாயைக் கழற்றுங்கள். காயிலிலிருந்து வரும் மெல்லிய வயரை டிஸ்ட்ரிபியூட்டரில் கழற்றுங்கள். மூடியை வயர்களோடு சேர்த்தே ஓரமாக எடுத்து வையுங்கள், வயர்களை இப்போது பிடுங்க வேண்டாம். கிளாம்ப் தட்டின் இறுக்கு போல்ட்டைத் தளர்த்தினால் டிஸ்ட்ரிபியூட்டர் கையோடு வரும். வருடக்கணக்காக எண்ணெயும் மண்ணும் ஏறி இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். அலுமினிய உடம்பு விரிசல் விடும். துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, இடதும் வலதுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இழுங்கள். வந்தவுடன் அந்த ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். உள்ளே ஒரு வாஷர் விழுந்தால் ஆயில் சம்ப்பைக் கழற்றும் வேலை வந்துவிடும்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீளம், அடி நாக்கின் அளவு, எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது எல்லாம் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள்.

புதியது என்பதாலேயே உள்ளே எல்லாம் சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு முறை பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினேன், பொறியே வரவில்லை. காயிலை மாற்றினேன், கண்டென்சரை மாற்றினேன், சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியில் பாயிண்டின் ஸ்பிரிங் முனை மாட்டியிருக்கும் ஆணியில்தான் கோளாறு. அங்கே பிளாஸ்டிக் வாஷர் ஒன்று உண்டு, தொப்பி வடிவில். காயில் வயரும் கண்டென்சர் வயரும் அந்தத் தொப்பிக்கு மேல் உட்கார்ந்து ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், ஆணியைத் தொடக் கூடாது. ஆணி எர்த். வயரின் வளையம் வாஷருக்கு அடியில் மாட்டியிருந்ததால் பாயிண்ட் திறந்தாலும் கரண்ட் எர்த்துக்கே போய்க்கொண்டிருந்தது. இந்த ஒரு இடத்தை மட்டும் கண்ணை வைத்துப் பாருங்கள்.

பாயிண்ட் இடைவெளியை இப்போதே, கையில் வைத்துக்கொண்டு சரிசெய்யலாம். தண்டைச் சுற்றி, அதில் இருக்கும் கேமின் (நாலு முனை உள்ள பகுதி) ஒரு முனை பாயிண்டின் குதிகாலைத் தூக்கி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், பாயிண்டைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. புது பாயிண்ட் முகத்தில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். கேமில் அரிசி அளவு கிரீஸ், ரோட்டருக்கு அடியில் தண்டின் நடுவில் இரண்டு சொட்டு எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். டைமிங் வைத்த பிறகு பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும், அதனால் இந்த வரிசை முக்கியம்.

ரோட்டரைப் பழையதன் விளிம்பில் போட்ட குறி எங்கே இருந்ததோ அதே பக்கம் திருப்பி, வேக்குவம் டப்பா பழைய பக்கமே பார்க்கும்படி இறக்குங்கள். கடைசிக் கொஞ்சம் இறங்காமல் நிற்கும். ரோட்டரை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினால் நாக்கு பள்ளத்தில் விழுந்து 'டக்' என்று உட்காரும். கையில் அது தெளிவாகத் தெரியும். உட்காராமல் போல்ட்டை இறுக்கி இழுத்து உட்கார வைக்க முயலாதீர்கள்.

டெஸ்ட் லேம்ப் வைத்து டைமிங்

எர்த் கேபிளை மாட்டுங்கள். டெஸ்ட் லேம்பின் ஒரு முனை காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய வயரில், இன்னொரு முனை சுத்தமான எர்த்தில். சாவியை ஆன் செய்யுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது, திறந்த நொடியில் எரியும். பொறி பிறக்கும் நொடியும் அதுதான்.

கிளாம்ப் லேசாகத் தளர்ந்திருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை ரோட்டர் சுற்றும் திசையிலேயே, அதாவது கடிகாரத்துக்கு எதிராக, பல்பு அணையும் வரை திருப்புங்கள். பிறகு உடம்பைக் கடிகாரத் திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு எரிந்த இடத்தில் நிறுத்தி கிளாம்பை இறுக்குங்கள். இறுக்கும்போது நகர்ந்திருக்கும், அதனால் இன்ஜினை இரண்டு சுற்று சுற்றிக் கொண்டுவந்து, வெட்டு குறிக்கு வரும்போதே பல்பு எரிகிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். சாவியை நீண்ட நேரம் ஆனில் விடாதீர்கள், பாயிண்ட் மூடி நின்றால் காயில் சூடாகும்.

மூடி, பிளக், வயர் எல்லாவற்றையும் மாட்டுங்கள். புது மூடி போடுவதாக இருந்தால் இரண்டு மூடியையும் ஒரே நிலையில் பக்கத்தில் பிடித்து, ஒரு வயரை எடுத்து ஒரு வயரை மாட்டுங்கள். பக்கவாட்டில் வயர் நுழையும் பழைய வகை மூடியில், உள்ளே கூர்முனைத் திருகு ஒன்று வயரைக் குத்திப் பிடிக்கும். வயரை முழுசாக உள்ளே தள்ளிவிட்டுத் திருகுங்கள்.

செல்ஃப் அடித்தால் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். கார்பரேட்டர் வழியாகத் திருப்பி அடித்தால் வயர் வரிசையைப் பாருங்கள். செல்ஃப் மோட்டாரே திணறி, இன்ஜின் எதிர்த்து உதைத்தால் டைமிங் அதிகம் அட்வான்ஸ் ஆகியிருக்கிறது, அதாவது பொறி சீக்கிரம் விழுகிறது. பிடித்தும் சோம்பலாக ஓடி, சைலன்சர் சூடேறினால் ரிட்டார்டு, பொறி தாமதமாக விழுகிறது. பொறியே இல்லை என்றால் நான் சொன்ன அந்தத் தொப்பி வாஷர்.

மலையில் சோதனை

கடைசிச் சரிபார்ப்பு ரோட்டில்தான். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்துங்கள். 'கிணி கிணி' என்று லேசான சத்தம் ஒரு நொடி வந்து மறைந்தால் சரி. தொடர்ந்து வந்தால் உடம்பை ரோட்டர் சுற்றும் திசையில் துளி திருப்பி ரிட்டார்டு செய்யுங்கள். சத்தமே இல்லாமல் இழுவையும் இல்லை என்றால் எதிர்த்திசையில் துளி. சில டிஸ்ட்ரிபியூட்டர்களில் இதற்கென்றே கையால் திருகும் சின்ன நட்டு இருக்கும், ஏ, ஆர் என்று குறி போட்டு.

இந்தச் சோதனையைச் சேலத்தில் செய்யுங்கள், ஏற்காட்டில் வேண்டாம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிசு, குளிரும் உண்டு, இன்ஜின் அதிக அட்வான்ஸையும் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். ஒண்டிக்கடை பக்கம் நிறுத்தி "இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும்" என்று திருப்பி வைத்துவிட்டுக் கீழே இறங்கினால், சித்திரை வெயிலில் சேலத்து மேம்பாலம் ஏறும்போதே தட்ட ஆரம்பிக்கும். அந்தத் தட்டல் பிஸ்டனைத் தின்றுவிடும்.

பிறகு மலை ஏறுங்கள். முழுசாக அழுத்தும்போது வேக்குவம் விழுந்துவிடும், டயாஃப்ரம் கொடுக்கும் அட்வான்ஸ் போய்விடும். உள்ளே சுழலும் எடைகள் மட்டுமே அந்த இருபது வளைவிலும் டைமிங்கைப் பார்த்துக்கொள்ளும். வளைவு முடிந்து இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றி அழுத்தும்போது விக்கல் இல்லாமல் இழுக்கிறதா என்று கவனியுங்கள்.

500 கி.மீ. ஓடிய பிறகு பாயிண்ட் இடைவெளியை ஒரு முறை பாருங்கள். புதுக் குதிகால் கேமில் உரசிப் படிந்து இடைவெளி குறைந்திருக்கும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் மூடியும் ரோட்டரும் நன்றாக இருந்தால் எறிய வேண்டாம். ஒரு கண்டென்சரோடு சேர்த்து உலர்ந்த துணியில் சுற்றி, டிக்கியில் ஜாக்கி பக்கத்தில் போட்டு வையுங்கள். பனி நாளில் மேலே போகும்போது ஒரு திருப்புளியும் சேர்ந்து இருக்கட்டும்.